கேட்டவர் கையொப்பம்

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடுக்கு மட்டும் மணியை வேறு மாதிரி அடிக்க வேண்டும். இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒரு அடி. அதைக் கேட்டதும் பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்து இரண்டு வரிசையாகப் பிரிவார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் இடது பக்கம். ஹாலுக்குப் போய் வேதபாடம் கேட்பார்கள். மற்றப் பிள்ளைகள் வலது பக்கம். கடைசி அறையில் நீதிபோதனை.

அன்றைக்கு எல்லாரும் பிரிந்த பிறகு வராந்தாவின் நடுவில் ஒரே ஒரு பிள்ளை மிச்சம் நின்றது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். புதுச் செருப்பு கடித்திருந்ததால் ஒரு காலை லேசாகத் தூக்கி வைத்திருந்தது. என் மகள் மலர்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரிக்க மாட்டார்கள். இரண்டாம் வகுப்பில் இது அவளுக்கு முதல் வெள்ளிக்கிழமை. வெளியே ஜூன் மழை.

"அப்பா, நான் எந்த சைடு?"

என் கையில் சுத்தியல் இருந்தது. தாடையை மட்டும் இடது பக்கம் அசைத்தேன்.

அவள் நொண்டிக்கொண்டே ஓடி அந்த வரிசையின் வாலில் சேர்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தாடை அசைவைச் சொல்ல எனக்கு இந்த வாரப் பத்திரிகைப் பக்கம் முழுவதும் வேண்டும்.

மிளகாய் நெடி

எழுத்து வாசனை இல்லாத ஆளுக்குப் பள்ளிக்கூடத்தில் எப்படி வேலை கிடைத்தது என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தாராம். நான் சொல்வதை எழுதியெடுக்க வரும் பத்திரிகைக்காரம்மா வாசித்துக் காட்டினார்.

அதற்கு எழுத்து எதற்கு? கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும். வாசல் திறக்க வேண்டும், பானையில் தண்ணீர் நிறைக்க வேண்டும், மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் நேரத்துக்கு அடிக்க வேண்டும். சம்பள ரிஜிஸ்டரில் ஒப்புப் போட வேண்டுமென்பதற்காகச் 'செல்லையா' என்று எழுத மட்டும் பழகிக்கொண்டேன். இன்றைக்கும் எழுதுவேன். நடுவில் இருக்கும் 'லை' கொஞ்சம் சாயும்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் சபை நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் அது. ஒன்று முதல் நான்கு வரை. தமிழ் டிவிஷன் ஒன்று, மலையாளம் டிவிஷன் ஒன்று. மத்தியானக் காற்று வீசினால் மொத்தக் கடைகளிலிருந்து வற்றல் மிளகாய் நெடி வந்து ஏறும். ஜெபம் நடக்கும்போது ஒரு பிள்ளை தும்மும், அப்புறம் வரிசை முழுக்கத் தும்மும். கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குகிற பிள்ளைகளின் முகத்தை நான் மட்டும்தான் பார்ப்பேன். மணிக்காரனுக்கு மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

நான் பாறசாலைப் பக்கம். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார். எனக்குத் தலை நேராக நிற்கத் தொடங்கியதும் அதில் செங்கல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளித்து வேதக்கோயிலுக்குப் போவோம். வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளை மேடையில் ஏற்றி வசனம் சொல்லச் சொல்வார்கள். என் வயசுப் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல், கணீரென்று சொல்வார்கள். புத்தகம் பார்த்துப் படித்த பிள்ளைகள். எனக்கு ஒரு வசனம்கூட முழுசாகத் தெரியாது. கேட்டது பாதி, மறந்தது பாதி.

அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு ஓர் ஆசை இருந்தது. பலகாரக் கடை வாசலில் நிற்கிற பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி ஆசை. என் தாடை அசைந்தது அதனால்தான். பக்தியினால் அசைந்தது என்று சொன்னால் பொய்.

ஒரே பலகை

தாடை அசைந்ததில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். அதற்குச் செண்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செண்பகம் வலியசாலையில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள். அவள் அப்பா ஓட்டல் அடுப்படி வேலைக்காகச் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். தினமும் காய்கறிப் பையோடு பள்ளிக்கூட வாசலைக் கடந்து போவாள். ஒரு நாள் நின்று, கேட் கம்பிக்கு வெளியே இருந்து என்னைத் திட்டினாள். அதுதான் எங்கள் முதல் பேச்சு.

"நீங்கதான் மணி அடிக்கிற ஆளா? உங்க மணியை நம்பித்தான் நான் உலை வைக்கேன். நேத்து பிந்தி அடிச்சுட்டீங்க. சாப்பாடு பிந்திப்போச்சு. பேச்சு வாங்கினது நானு."

"நேத்து ஹெட்மாஸ்டர் பிரசங்கம் முடியல்ல."

"அவருக்குப் பசிக்காதா? அடுத்த தடவை அவர் காதுகிட்ட அடிங்க."

அதற்கப்புறம் அந்தத் தண்டவாளத்தை நான் நேரம் தவறி அடித்ததே இல்லை.

இரண்டு வீட்டாருக்கும் பிடிக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். உள்ளே போவதற்கு முன்னால் ஆபீஸ் வாசல் படியில் உட்கார்ந்து செண்பகம் ஒரே ஒரு வாக்குக் கேட்டாள். "நான் விளக்கு வைப்பேன். நீங்க கோயிலுக்குப் போங்க. பிள்ளை பிறந்தா, அதுக்கு விவரம் வர்றவரைக்கும் நானும் என் பக்கம் இழுக்கமாட்டேன், நீங்களும் உங்க பக்கம் இழுக்கக்கூடாது. அப்படி ஒரு காரியம் செய்யணும்னா என்கிட்ட கேட்டுட்டுச் செய்யணும். சரின்னா உள்ள போவோம்."

சரி என்றேன். உள்ளே போனோம்.

எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் ஒரே ஒரு பலகை. அதன் ஒரு முனையில் அவளுடைய விளக்கும் முருகன் படமும். மறு முனையில் என் அப்பாவின் வேதப்புத்தகம். அதைத் திறந்தால் வாசிக்க எனக்குத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவள் திறக்கமாட்டாள். எட்டாம் கிளாஸ் வரை படித்தவள். கடலை மடித்து வரும் காகிதத்தைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவாள். என்றாலும் அந்தப் புத்தகத்தை மட்டும் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைப்பாள். அது என் பக்கம்.

அவளிடம் கேட்காமல்தான் நான் தாடையை அசைத்தேன். அதோடு நிறுத்தினேனா? சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது அவளுக்கு எள்ளுருண்டை வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்: "எந்த ரூம்னு அம்மாகிட்ட சொல்லண்டா, கேட்டியா மக்களே?"

ஏழு வயசுப் பிள்ளை தலையாட்டியது. மறைத்ததைக்கூட மன்னிக்கலாம். அந்த எள்ளுருண்டையைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

மேய்ப்பர் டிக்கெட் எடுத்தார்

வேதபாடம் எடுத்தது கிரேஸ் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. பிள்ளைகளை அடிக்கமாட்டார், ஆனால் விடவும் மாட்டார்.

அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வசன நோட்டு. வாரத்துக்கு ஒரு பாகத்தை அதில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பெரியவர் ஒருவர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை பார்க்காமல் சொல்வதைக் கேட்டு, பிழை இல்லையென்றால் அடியில் ஒப்புப் போட வேண்டும். அந்த இடத்தில் 'கேட்டவர்' என்று எழுதியிருக்கும்.

மலருடைய நோட்டுக்குக் கேட்டவர் நான். பள்ளிக்கூடம் விட்டதும் கிணற்றடியில் உட்காருவோம். நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அந்த வருஷம் வேதத்தில் மேய்ப்பன் ஆடுகளைப் புல்லுக்கும் தண்ணீருக்கும் நடத்திப் போகும் சங்கீதத்தைத்தான் பாகம் பாகமாகப் படித்தார்கள். மலர் கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று சொல்வாள். என் மேடைச் சத்தம்! எனக்குக் கண் நிறையும். நிறைந்த கண்ணோடு 'செல்லையா' என்று சாய்த்துப் போடுவேன்.

ஆடிமாசக் காற்று தொடங்கியபோது கிரேஸ் டீச்சர் கூப்பிட்டார். டீச்சர்மாரெல்லாம் இருந்த அறை. மேசைமேல் மலருடைய நோட்டு.

"செல்லையா அண்ணே, இது நீங்க கேட்டு ஒப்புப் போட்டதுதானே?"

"ஆமா டீச்சர்."

"முழுசும் சொன்னாளா?"

"தண்ணி போல சொன்னா."

டீச்சர் மலரை முன்னால் நிறுத்தினார். "அப்பாகிட்ட சொன்னதை அப்படியே சொல்லு மோளே."

மலர் கையைப் பின்னால் கட்டினாள். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடியில் ஆட்டுக்குட்டி கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறியது. மேய்ப்பர் டிக்கெட் எடுத்தார். ஆட்டுக்குட்டிக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. தம்பானூரில் இறங்கிப் புல் தின்றது. ஆமென்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் சுவரைப் பார்த்தேன். இத்தனை வாரமும் என் கண் நிறைந்தது இதற்கா? சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன், சொல்லைக் கேட்டதே இல்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது டீச்சர்" என்றேன்.

கிரேஸ் டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். "அது குற்றமில்ல அண்ணே. கேக்காததைக் கேட்டதாயிட்டு ஒப்புப் போட்டதுதான் குற்றம். வாசிக்கத் தெரிஞ்சவங்க வீட்ல ஆரும் இல்லியோ?"

"அவ அம்மை எட்டாம் கிளாஸ்."

"பின்னே என்ன? அடுத்த வெள்ளி முதல் அம்மையோட ஒப்பு வேணும்."

அன்று சாயங்காலம் செண்பகம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நோட்டை அவள் முன்னால் வைத்து, வராந்தாவிலிருந்து எள்ளுருண்டை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கீரை முழுவதும் உருவி முடித்த பிறகு சொன்னாள்.

"நீங்க சபைக்குப் பிள்ளையைக் கொண்டுபோனதுகூட இருக்கட்டும். நீங்களும் அவளும் ஒரு பக்கமா நின்னுகிட்டு, என்னைத் தனியா அந்தப் பக்கம் நிறுத்திட்டீங்களே."

அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. மறுநாள் அவள் தன் ஊருக்கு பஸ் ஏறிவிடுவாளோ என்ற பயத்தோடுதான் நான் மணி அடித்தேன். மணி பிந்தவில்லை. அது ஒன்றுதான் அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது.

செண்பகம் வந்தாள்

மத்தியான இடைவேளையில் கேட்டுக்கு வெளியே குடை தெரிந்தது. நெற்றி நிறையக் குங்குமம், கையில் வசன நோட்டு. என்னைத் தாண்டி நேராகக் கிரேஸ் டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், என் பிள்ளை இந்த வரிசையில நின்னது எனக்குத் தெரியாம நடந்தது."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கும் அது தெரியாது செண்பகம். ரெண்டு பேரும் பேசித்தான் அனுப்பினீங்களாக்கும்னு இருந்துட்டேன். மாத்திடலாம். அடுத்த வெள்ளி அந்த ரூமுக்குப் போகட்டு."

நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அந்தச் சத்தம் இனி என் காதுக்கு இல்லை என்று நினைத்தேன். இவள் இங்கிருந்து நேரே ஊருக்குப் போய்விடுவாளோ என்ற பெரிய பயமும் அடியில் கிடந்தது.

"மாத்த வேண்டாம். ஒரு வெள்ளி இங்க, அடுத்த வெள்ளி அங்க. அப்படி இருக்கட்டும்" என்றாள் செண்பகம்.

"அப்படி ஒரு வழக்கம் இங்க இல்லியே! பிள்ளை குழம்பிப்போவா."

"வீட்ல ரெண்டையும் பாத்துத்தான் வளருதா டீச்சர். அவ குழம்பல. குழம்பினது இந்தா வெளிய நிக்காரே, இவருதான்."

கிரேஸ் டீச்சர் இப்போதுதான் சிரித்தார். கொஞ்ச நேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ரூலில் அப்படிச் செய்யலாம்னும் இல்ல, கூடாதுன்னும் இல்ல. ஆயிக்கோட்டே, அப்படியே நடக்கட்டு. ஆனா நோட்டு விஷயத்துல விடமாட்டேன். கேட்டவர் ஒப்பு வேணும்."

"போடறேன். நான் பொய்க்கு ஒப்புப் போடற ஆள் இல்ல."

புல் முடிந்து தண்ணீர் வரும் இடம்

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் விளக்கு ஏற்றியதும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, செண்பகம் நோட்டைக் கையில் எடுப்பாள். மலர் சொல்லத் தொடங்குவாள். நான் வெளிப்படியில்.

சங்கீதத்தில் புல் முடிந்து தண்ணீர் வரும் ஓர் இடம் உண்டு. அங்கே வரும்போது பால் பொங்கும். எண்ணி வைத்த மாதிரி, தினமும்.

"நில்லு! பால்!"

நோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிப் பாலை இறக்குவாள். வரும் வழியில் விளக்குத் திரியைத் தூண்டுவாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நோட்டைப் பார்க்காமலே அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பாள். மலர் தொடர்வாள். எண்ணெய் விரலால் ஒப்புப் போடுவாள். அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் விரலளவு எண்ணெய்க் கறை உண்டு.

வெளிப்படியிலிருந்தே எனக்கும் அந்தச் சங்கீதம் மனப்பாடமானது. என் வாழ்க்கையில் முழுசாகப் படித்த ஒரே பாடம். பாலோடு சேர்த்துத்தான் படித்தேன்.

என்னிடம் எப்போது பேசினாள் என்று கேட்கிறீர்களா? பதினெட்டு நாள் கழித்து. பாலை இறக்கிவிட்டு வந்தவள் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும் முன், படியிலிருந்து நான் அதை முணுமுணுத்துவிட்டேன்.

"உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்றாள். பேச்சு திரும்பியது. காப்பியும் நேரே என் கைக்கு வந்தது.

மலர் ஒரு வாரம் இந்த அறை, ஒரு வாரம் அந்த அறை என்று போய் வந்ததில் பள்ளிக்கூடத்திலும் ஒன்று நடந்தது. அங்கே கேட்ட கதையை இங்கே சொல்வாள், இங்கே கேட்டதை அங்கே. கடைசியில் பிள்ளைகள் கிரேஸ் டீச்சரைத் துளைத்தார்கள். அவர் மாதத்தில் ஒரு வெள்ளி இரண்டு அறைக் கதவையும் திறந்து, எல்லாரையும் வராந்தாவில் உட்கார்த்தினார். அவரவர் வீட்டில் சாமி கும்பிடுவது எப்படி என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லும்.

நஸீமா என்ற பிள்ளை நோன்பைப் பற்றிச் சொன்னது. தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம் என்றது.

"எச்சி முழுங்கலாமா?" என்றான் ஒரு பையன்.

"அது வெளியேயிருந்து வந்ததில்லியே" என்றது நஸீமா.

டீச்சர் பதில் தெரியாதவர் மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைகளில் அடுத்த பீரியடுக்கான மணியைக் கையில் சுத்தியலோடு நான் கொஞ்சம் தாமதப்படுத்துவேன். நேரம் தவறி அடித்ததில்லை என்று முன்னால் சொன்னேனே, அதில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுவிழாவுக்கு மலரை மேடையேற்றினார்கள். மேய்ப்பன் சங்கீதம்தான். நான் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். செண்பகம் கடைசி வரிசையில், மல்லிகைப்பூ, குங்குமம். முன் வரிசையில் சபைப் பெரியவர்கள்.

மலர் கையைப் பின்னால் கட்டினாள். கணீரென்று தொடங்கினாள். புல் வந்தது. புல் முடிந்தது.

நின்றுவிட்டாள்.

மறக்கவில்லை. முகத்தில் பயமே இல்லை. வீட்டில் நிற்கும் இடத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். பால் இறங்க வேண்டும், திரி தூண்ட வேண்டும். எனக்குத் தெரிந்தது. ஹாலில் வேறு யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிரேஸ் டீச்சர் வாயைத் திறந்தார்.

அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், வீட்டில் சொல்வது போலவே சாதாரணமாக, தண்ணீர் வரும் அடியை எடுத்துக் கொடுத்தது.

ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. குங்குமம் வைத்த பெண். செண்பகம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மலர் ஒன்றுமே நடக்காதது போல அங்கிருந்து தொடர்ந்து, முடித்து, இறங்கினாள். கயிறு என் கையில் இருந்ததையே மறந்துவிட்டேன். திரை விழவில்லை.

மலர் பெரியவளாகி எந்தப் பக்கம் போனாள் என்று கேட்பார்கள். அதை அவள்தான் சொல்ல வேண்டும். நான் மறுபடியும் தாடையை அசைக்கமாட்டேன். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை போன் செய்வாள்.

செண்பகம் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் வழியிலேயே அனுப்பிவைத்தோம். பலகையில் அவள் முனையும் அப்படியே இருக்கிறது. விளக்கை நானே ஏற்றுகிறேன். திரி எனக்குச் சரியாக நிற்பதில்லை.

போன மாதம் எங்கள் கோயிலில் முதியோர் ஞாயிறு. போதகர் வயசானவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, தெரிந்த ஒரு பாகத்தைச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

புல் வரைக்கும் வந்தேன். நின்றேன்.

போதகர் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். முன்னால் ஒருத்தர், "பாவம், வயசாயில்லியோ, மறந்துட்டாரு" என்றார். எனக்கு மறக்கவில்லை. பாலை இறக்கி வைக்கிற நேரம் நின்றேன். திரியைத் தூண்டுகிற நேரம் நின்றேன். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே மடக்கி வைத்த நாற்காலிகளும் யாரோ சாத்தி வைத்த ஒரு குடையும் இருந்தன.

கையைச் சேலையில் துடைக்கிற நேரமும் ஆனது.

அப்புறம் தண்ணீர் வரும் அடியை நானே சொன்னேன்.